ஒரு கை சோறு குறைந்த வீடுகள்

கிருபைவிளையில் அப்போதெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லாமல் சோற்றில் கை வைக்கிற ஆள் கிடையாது. பழைய சோறும் வெங்காயமும் வைத்திருந்தவனும் சொன்னான், ஆட்டுக்கறி வைத்திருந்தவனும் சொன்னான், பெண்டாட்டியோடு மல்லுக்கட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தவனும் கண்ணை மூடி அதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் மறுபடி சண்டையைத் தொடங்கினான். "இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே, எங்களோடே பந்தியிரும், ஆமென்" என்கிற அந்த வரியை ஒரே மூச்சில் சொல்ல, அந்த ஊர்ப் பிள்ளைகள் நடக்கப் பழகுவதற்கு முன்னாலேயே பழகியிருந்தார்கள். பந்தியிரும் என்றால் வந்து உட்காரும் என்று அர்த்தம் என்பதுதான் யாருக்கும் ஞாபகத்தில் இல்லை.

அவர் வந்து உட்கார்ந்தது ஆவணி மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த மத்தியானம்.

கெத்சியாள் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அவள் தட்டில் ஒரு கை சோறு குறைந்திருந்தது. குறைந்த இடத்தில் நாலு விரலும் பெருவிரலும் சேர்ந்து அள்ளின பள்ளம் இருந்தது, பள்ளத்தின் ஓரத்தில் குழம்பு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மகள்தான் எடுத்திருப்பாள் என்று நினைத்து எமீமாவைப் பார்த்தாள். எமீமா தன் தட்டிலிருந்த பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் அருமைநாயகம் அவன் தட்டைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். அருமைநாயகம் ஊருக்கு மேற்கே கிணற்றுப் பாசனத்தில் வாழை போட்டிருந்தான், அதிகம் பேசாத ஆள். எமீமா ஒன்றாம் வகுப்பு. அவளுக்கு முன்னால் ஜெபசிங் என்று ஒரு மகன் இருந்து, பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசு வருமுன்னே அந்த வாழைத்தோட்டத்துக் கிணற்றில் விழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் பெயரை யாரும் சொன்னதில்லை.

"பூனையா இருக்குமோ" என்றான் அருமைநாயகம்.

"பூனைக்கு விரல் இருக்கா" என்றாள் கெத்சியாள்.

அப்போது எதிர்வீட்டுத் தங்கபுஷ்பம் எச்சில் கையோடு தெருவைத் தாண்டி வந்து வாசலில் நின்றாள். "கெத்சியா, உங்க வீட்லயும் கொறஞ்சிருக்கா?" என்று கேட்டாள். தெரு முழுக்க அதையே கேட்டுக்கொண்டு, எச்சில் கையைக் கழுவாமல் ஆட்கள் வாசலுக்கு வாசல் நின்றார்கள்.

உபதேசியார் ராஜமணி அந்த வாரம் முழுவதும் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, ஜெபம் பண்ணி, கண்ணைத் திறந்து, தட்டைப் பார்த்தார். அவர் அவசரப்பட்டு எதையும் சொல்கிறவர் இல்லை. அடுத்த ஞாயிறு பிரசங்க மேடையில் ஏறி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இத்தனை வருசமா வாரும் வாரும்னு கூப்பிட்டோம். வந்திருக்கார். இதுல நாம அதிசயப்பட என்ன இருக்கு, வெக்கப்படத்தான் இருக்கு" என்றார். ஊருக்கும் அது சரியாகவே பட்டது. கூப்பிட்ட வீட்டுக்கு விருந்தாளி வருவது வழக்கம்தானே.

பிறகு கிருபைவிளைப் பெண்கள் சமைத்த சமையலை அந்தப் பக்கத்தில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் சமைத்ததில்லை. கல் பொறுக்காமல் உலை வைத்த வீடுகளில் அரிசியை மூன்று தண்ணீர் கழுவினார்கள், உப்பு கூடிவிட்டதென்று ஒருத்தி குழம்பைக் கொட்டிவிட்டு மறுபடி கூட்டினாள், பந்தியில் ஒருவர் இருக்கிறார் என்பதால் மாமியாரும் மருமகளும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், குடிகாரர்கள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள், "நேத்து எங்க வீட்டுச் சொதியை அவரு ரெண்டு தரம் எடுத்தாரு" என்று குழாயடியில் ஒருத்தி சொன்னால், மறுநாள் தெரு முழுக்கத் தேங்காய்ப்பால் மணந்தது. பக்கத்து ஊரில் டீக்கடை வைத்திருந்த சுடலைமுத்து இதைப் பார்க்கவென்றே வந்தார். கெத்சியாள் வீட்டில் உட்கார்ந்து, தட்டில் பள்ளம் விழுந்ததைக் கண்ணால் பார்த்தார்.

"எங்க சாமிக்கும் நாங்க படைக்கோம்மா" என்றார் பிறகு. "அது பாத்துட்டு நமக்கே விட்டுரும். உங்க சாமி நெசமாவே சாப்பிடுது. பாத்துக்கிடுங்க, நெசமா பசிக்கிற ஆளுக்குக் கடைசி வரைக்கும் போடணும்."

கெத்சியாள் அதைக் கேட்டுச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை பெய்யவில்லை. கார்த்திகையில் மேகம் கடல் பக்கமிருந்து எழும்பி, ஊருக்கு மேலே வந்து நின்று, யாரோ வேண்டாமென்று சொன்னதுபோலத் திரும்பிப் போனது. தை பிறந்தபோது கிணறுகளில் மண் தெரிந்தது, ஆழ்துளை போட்ட இடங்களில் உப்புத் தண்ணீர் வந்தது, செம்மண் காய்ந்து மாவாகித் தெருவில் கணுக்கால் புதையக் கிடந்தது, அருமைநாயகத்தின் வாழைகள் குலை தள்ளாமலே நடுவில் மடிந்து தொங்கின. அவன் வெட்டுக்கத்தியைக் கழுவிச் சுவரில் செருகிவிட்டுச் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனான். ஊரில் பாதிப் பேர் அப்படிப் போனார்கள். சோறு கஞ்சியாயிற்று, கஞ்சி நீராகாரமாயிற்று.

அவர் எடுத்தது அப்போதும் அதே ஒரு கைதான். குண்டான் நிறையச் சோறு இருந்தபோது அது கண்ணுக்குத் தெரியாத அளவாக இருந்தது. தட்டில் இருப்பதே இரண்டு கை என்று ஆனபோது அது ஒரு பெரிய கையாகத் தெரிந்தது.

முதலில் ஜெபத்தைச் சுருக்கினார்கள். பந்தியிரும் என்ற சொல்லை விட்டுப் பார்த்தார்கள், பள்ளம் விழுந்தது. வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தார்கள், விழுந்தது. வாயைத் திறக்காமல் மனசுக்குள் மட்டும் சொன்னவர்களின் தட்டிலும் விழுந்தது. ஒருநாள் தங்கபுஷ்பம், மூன்று ஆண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவள், எதுவுமே சொல்லாமல், எதையுமே நினைக்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு கஞ்சியை ஊற்றிக் கொடுத்தாள். கஞ்சி அப்படியே இருந்தது. பிள்ளைகள் குடித்தார்கள்.

"அவருக்கு நம்ம மனசு தெரியாதா" என்று அவள் குழாயடியில் சொன்னாள், யாரும் கேட்காமலே. "மழை பெஞ்சா சேத்து வச்சுச் சொல்லிக்கிடலாம்."

அந்த மாதம் முடிவதற்குள் வீடு வீடாக நின்றுபோயிற்று. பிள்ளைகளுக்குத்தான் கஷ்டமாக இருந்தது, வாய் பழகின பழக்கத்தில் தட்டைப் பார்த்ததும் வரி தானாக வந்துவிடும். தங்கபுஷ்பத்தின் கடைசிப் பையன் அப்படி ஸ்தோத்திரம் என்று தொடங்கினபோது அவள் அவன் வாயிலேயே அடித்தாள், அடித்த சத்தம் எதிர்வீட்டில் கெத்சியாளுக்குக் கேட்டது. கோயிலில் உபதேசியார் உயிருக்காக ஸ்தோத்திரம் சொன்னார், ஆத்துமாவுக்காகச் சொன்னார், தேசத்தை ஆளுகிறவர்களுக்காகச் சொன்னார், ஆகாரம் என்ற இடம் வரும்போது மட்டும் தெருவில் கிடக்கும் குழியைச் சுற்றிப் போகிறவரைப் போலச் சுற்றிக்கொண்டு போனார். மத்தியானச் சாப்பாட்டு வேளைக்கு எல்லாரும் கதவைச் சாத்தினார்கள். யாரும் சாத்தச் சொல்லவில்லை.

கெத்சியாள் கடைசி வரை சொன்னாள். ஒருநாள் அருமைநாயகம் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "ஏட்டி, பிள்ளை கழுத்தெலும்பைப் பாத்தியா" என்று கேட்டான்.

"பாத்தேன்."

"விருந்தாளிக்குப் போட நான் வேண்டாம்னு சொல்லல. பிள்ளைக்கு மிச்சம் இருந்தா போடு."

அவன் குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே அவளால் மறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவளும் வாயை மூடிக்கொண்டு பரிமாறினாள், கதவைச் சாத்தினாள்.

தெருவில் ஆள் நடமாட்டம் நின்றதால்தான் தடம் கண்ணில் பட்டது. உச்சி வெயிலில், எல்லாக் கதவும் சாத்தியிருக்கிற நேரத்தில், செம்மண் புழுதியில் வெறுங்கால் தடம் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டு வந்தது. ஜன்னல் இடுக்கு வழியாக எல்லாரும் பார்த்தார்கள், பார்த்ததை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. பெரிய பாதம், நிதானமான நடை. ஒவ்வொரு வாசலிலும் நின்றது. நின்று, கால் மாற்றி நின்றதுபோல அந்த இடத்தில் மண் கலைந்தது. பிறகு அடுத்த வாசலுக்குப் போனது. தெருக்கோடி வரை போய், மறுநாள் மத்தியானம் மறுபடி முதல் வாசலிலிருந்து தொடங்கியது.

மாசி கழிந்து பங்குனி வந்தபோது தடம் லேசாகிவிட்டது. குதிகால் பதியவில்லை. அடிகளுக்கிடையில் மண்ணில் கோடு விழுந்தது, காலைத் தூக்க முடியாமல் இழுத்து நடக்கிறவர்களுக்கு விழுகிற கோடு. வாசலில் நிற்கும் நேரம் கூடியது. சில வாசல்களில் நிலைப்படிக்குப் பக்கத்தில் கை ஊன்றின அடையாளம் இருந்தது.

ஊர் காத்திருந்தது. கெட்ட மனுஷர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. அந்தப் பஞ்சத்திலும் ஒருவர் வீட்டு உப்பை ஒருவர் திருடவில்லை, செத்த வீட்டுக்குப் போய் நின்றார்கள். யாரும் அவருக்குக் கெடுதல் நினைக்கவுமில்லை. சீக்கிரம் முடிந்துவிட்டால் போதும் என்று மட்டும் நினைத்தார்கள், எது முடிய வேண்டும் என்பதை நினைக்காமல்.

கெத்சியாள் உபதேசியாரைத் தேடிக் கோயிலுக்குப் போனாள். அவர் ஜன்னல்களில் படிந்த புழுதியைத் துணியால் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அவரு இப்படியே பட்டினி கெடந்தா என்ன ஆவாரு?"

உபதேசியார் தட்டுவதை நிறுத்தவில்லை. "அவருக்குப் பசி ஏதும்மா. பசி நமக்கு."

"பின்ன எதுக்கு இத்தனை நாளும் எடுத்துச் சாப்பிட்டாரு?"

அவர் துணியை மடித்தார். அவருடைய சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது. "கொடுக்கக் கொடுக்கப் பானையில மாவு குறையாத கதையை இந்த மேடையில நின்னு நான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கேன், கெத்சியா. எங்க வீட்டுப் பானையில குறையுது. நான் குனிஞ்சு பாத்தேன். குறையுது." பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "நீ வீட்டுக்குப் போம்மா" என்றார்.

அந்த வாரத்தில் எமீமாவுக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு அடுப்புக்கல்லைப் போலக் கொதித்தது, பிள்ளை யாரையும் அடையாளம் தெரியாமல் கூரையைப் பார்த்துப் பேசியது. அருமைநாயகம் சைக்கிளில் வைத்துக்கொண்டு போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தான். தங்கபுஷ்பம் எங்கிருந்தோ நல்லமிளகு தேடி ரசம் வைத்துக்கொண்டு வந்து, உள்ளே வராமல் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். கெத்சியாள் ஈரத்துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, ஏற்கெனவே ஒரு பிள்ளையைக் குழியில் வைத்தவளுக்குத் தெரிகிற பயத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

ஒருநாள் காலையில் பிள்ளைக்கு வேர்த்தது. வேர்த்துக் குளிர்ந்து, கண்ணைத் திறந்து, "யம்மா, பசிக்கு" என்றது.

கெத்சியாள் இருந்த நொய்யைப் போட்டுக் கஞ்சி வைத்தாள். ஆறவைத்து எடுத்துவந்து பிள்ளையைத் தூக்கிச் சாய்த்துக்கொண்டு முதல் கரண்டியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது, அவள் நினைக்காமல், தடுக்க நேரமில்லாமல், "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். கிண்ணத்தைப் பார்த்தாள். அவ்வளவு சின்னக் கிண்ணம், பிள்ளைக்கே பற்றாது.

கஞ்சி குறையவில்லை.

அவள் காத்திருந்து பார்த்தாள். கஞ்சியின் மேலே ஆடை படிந்தது, அப்படியே இருந்தது. முதலில் அவளுக்கு வந்தது நிம்மதிதான். கரண்டி கரண்டியாக எமீமாவுக்கு எல்லாவற்றையும் ஊட்டினாள், பிள்ளை குடித்துவிட்டுக் காய்ச்சல் இல்லாத தூக்கம் தூங்கியது. பிறகு காலிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கூப்பிட்ட குரலுக்கு வராத ஒருவரைப் பற்றிய பயம் காலிலிருந்து அவளுக்குள் ஏறியது. மத்தியானம் ஆகியிருந்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

தடம் தெருவில் வந்துகொண்டிருந்தது, அவள் வாசலுக்குச் சற்று முன்னால் முடிந்திருந்தது. முடிந்த இடத்தில் இரண்டு முழங்கால் பள்ளம் இருந்தது, ஊன்றின ஒரு கை இருந்தது, அதற்கப்பால் ஒரு தோள், ஒரு இடுப்பு, பக்கவாட்டில் சாய்ந்த ஒரு தலை, விழுந்து கிடக்கும் ஒரு ஆளின் நீளத்துக்கு மண் அமுங்கியிருந்தது. அனல்காற்று தெருவிலிருந்த புழுதியையெல்லாம் வாரிக்கொண்டு போனது. அந்த அமுக்கத்தை மட்டும் தொடவில்லை.

அவள் உள்ளே போனாள். அடுப்பில் அவளுக்கும் புருஷனுக்குமென்று கொஞ்சம் கஞ்சி இருந்தது. அதைச் சட்டியோடு எடுத்துக்கொண்டு வந்து, சாய்ந்த தலை இருந்த பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்தாள்.

"இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே, எங்களோடே பந்தியிரும், ஆமென்" என்றாள்.

எதுவும் குறையவில்லை. மறுபடி சொன்னாள். கண்ணை மூடிச் சொன்னாள், சத்தமாகச் சொன்னாள், பிறந்ததிலிருந்து வேளைக்கு வேளை சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன அந்த வரி வாயிலிருந்து விழுந்து புழுதியோடு போயிற்று. ஜன்னல் கதவுகள் அசைந்தன. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "என்ன சொன்னா குடிப்பீரு" என்று கேட்டாள். "எம் பிள்ளை இன்னைக்குக் கண்ணு முழிச்சுப் பசிக்குன்னு கேட்டா. அதுக்கு உமக்கு நான் கடமைப்பட்டிருக்கேன். பசிக்குன்னு அவ சொன்னதுக்கு ஸ்தோத்திரம்."

சட்டியில் கஞ்சி இறங்கியது. ஓரத்தில் ஒரு நூல் அளவு ஈரம் தெரிந்தது.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, கையில் கிடைத்ததை எடுத்து எடுத்து வைப்பவளைப் போலச் சொல்லத் தொடங்கினாள். தங்கபுஷ்பம் வாசலில் வைத்துவிட்டுப் போன ரசத்துக்குச் சொன்னாள். உப்புக் கரித்தாலும் ஏனம் கழுவ வருகிற தண்ணீருக்குச் சொன்னாள். சூளையிலிருந்து செங்கல் தூசியோடு திரும்பி வந்து, ஒருநாளும் கையை ஓங்காமல், சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொள்கிற மனுஷனுக்குச் சொன்னாள். சைக்கிள் பஞ்சராகாமல் ஆஸ்பத்திரி வரை போனதற்குச் சொன்னாள். சொன்ன ஒவ்வொன்றுக்கும் கஞ்சி ஒரு நூல் இறங்கியது, பழக்கத்தில் சொன்ன ஒன்றிரண்டுக்கு இறங்கவில்லை. பிறகு அவளுக்குச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. சட்டியில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. மண்ணில் கிடந்த அமுக்கம் அசையவில்லை.

சொல்லாமல் ஒன்று இருந்தது. அவள் அதைச் சுற்றிச் சுற்றித்தான் இவ்வளவு நேரமும் போய்க்கொண்டிருந்தாள். ஜெபசிங் போன நாளிலிருந்து அவள் ஆண்டவரிடம் அவனைப் பற்றி எல்லா வார்த்தையும் சொல்லியிருக்கிறாள், ஏன் என்று கேட்டிருக்கிறாள், மண்ணை வாரித் தூற்றியிருக்கிறாள், இந்த ஒரு வார்த்தையைச் சொன்னதில்லை.

"எம் மகன் போனதுக்கு நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "அதை நீரு எங்கிட்ட கேக்கக் கூடாது. நீரு செத்தாலும் சொல்ல மாட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அவன் வந்ததுக்குச் சொல்லுதேன். எனக்கு ஒரு ஜெபசிங் இருந்தான். வாய் நெறையச் சோத்தை வச்சுக்கிட்டு யம்மான்னு கூப்பிடுவான். எங்கழுத்துல மூஞ்சியை வச்சுத்தான் தூங்குவான், அவன் மூச்சு பட்ட எடம் எனக்கு இன்னும் தெரியும். அவனைக் கொஞ்ச காலமாவது எங்கிட்ட தந்து வச்சிருந்தீரே. அதுக்கு ஸ்தோத்திரம்."

சூளையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த அருமைநாயகம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நின்றிருந்தான். அந்தப் பெயரைக் கேட்டு அவன் கை சைக்கிளை விட்டுவிட்டது, சைக்கிள் புழுதியில் சாய்ந்தது. அவன் வந்து அமுக்கத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். அவனுடைய பங்குக் கஞ்சி அது என்பது அவனுக்குத் தெரிந்தது. சட்டியை அமுக்கத்தின் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "எந்தோள்ல உக்காந்துகிட்டு வாழை இலையைத் தொட்டுட்டு வருவான்" என்றான். "அதுக்கு."

சட்டியின் அடி தெரிந்தது. அடியில் ஒட்டியிருந்த பருக்கைகளும் ஒவ்வொன்றாகப் போயின.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தங்கபுஷ்பம் கையில் ஒரு தூக்குவாளியோடு படியில் நின்றாள். அவள் உதடு அசைந்தது. பின்னாலிருந்து ஒரு பிள்ளை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பிள்ளையைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், படி இறங்கவில்லை.

மண்ணில் ஒரு கை ஆழமாக ஊன்றியது. முழங்கால் பதிந்தது. பிறகு இரண்டு பாதங்கள் பதிந்தன, குதிகாலோடு. கெத்சியாள் எழுந்து தன் வீட்டுக் கதவை விரியத் திறந்து பிடித்தாள். தடம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் வாசலைத் தாண்டி, சாத்திய கதவுகளையெல்லாம் தாண்டி, இந்தத் தடவை எதிலும் நிற்காமல், கோயிலையும் தாண்டி ஊர் முகப்புக்குப் போனது. அவள் பின்னாலேயே போனாள். முகப்பில் தார் ரோடு தொடங்குகிறது. தார் ரோட்டில் தடம் விழாது.

மறுநாள் மத்தியானம் தெருப் புழுதியில் காற்று போட்ட கோடுகள் மட்டும் இருந்தன. ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தங்கபுஷ்பம்தான் முதலில் துணிந்தாள், ஒரு கரண்டி மோரை வைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் என்று சொல்லிப் பார்த்தாள். மோர் குறையவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். குறையவில்லை. சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கதவுகள் திறந்தன, பிள்ளைகள் மறுபடி கத்திச் சொன்னார்கள், யாரும் வாயில் அடிக்கவில்லை. வைகாசியில் யாரும் எதிர்பாராத மழை பெய்தது. இரண்டு நாள் விடாமல் பெய்து கிணறுகளில் தண்ணீர் ஏறியது, உப்பு அடங்கியது, வாழைக் கட்டைகளின் பக்கத்தில் பச்சை முளை விட்டது. மழையையும் மற்றதையும் ஊரார் சேர்த்தே பேசினார்கள், எது எதனால் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

கெத்சியாள் வேளைக்கு வேளை சொன்னாள். இப்போது அவள் அந்தப் பழைய வரியைச் சொல்வதில்லை, அன்றன்றைக்கு என்ன நடந்ததோ அதைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து தட்டைப் பார்ப்பாள். தட்டு நிறைந்திருக்கும். அருமைநாயகமும் அவள் தட்டைத்தான் பார்ப்பான்.

ஆடி மாதம் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. ஊர் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசன விருந்தை அந்த வருஷம் பெரிதாகச் செய்தார்கள். கோயில் வளாகத்தில் பந்தல் போட்டு, ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து, கட்டிக்கொடுத்த பெண்களையெல்லாம் வெளியூர்களிலிருந்து அழைத்தார்கள். வாழை இலைகளில் சோறு விழுந்து முடிந்ததும் உபதேசியார் எழுந்து நின்று ஜெபித்தார். ஆகாரத்துக்காக அவர் அன்றைக்குச் சொன்ன நன்றி மிக நீளமாக இருந்தது, பாதியில் குரல் கம்மி, இருமிச் சரிசெய்துகொண்டார். ஆமென் சொல்லி எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் இலையைப் பார்த்தார்கள். ஒரு பருக்கை குறையவில்லை. பந்தியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் ஒரு பெருமூச்சு போயிற்று, யாரோ "ஸ்தோத்திரம்" என்றார்கள், எல்லாரும் அதைத் திரும்பச் சொன்னார்கள்.

கெத்சியாளின் இலையில் சோறு புதுசாய் மூடின குழிமேட்டைப் போலக் குவிந்திருந்தது. அவளால் அதில் கை வைக்க முடியவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் தங்கபுஷ்பத்தின் தங்கை பவுலின் உட்கார்ந்திருந்தாள், கடற்கரை ஊரான சிலுவைக்குடியிருப்பில் வாழ்க்கைப்பட்டவள், அன்று காலை பஸ்ஸில் வந்தவள். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னபோது அவள் உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது இடது கையை இலைக்கு மேலே வளைத்து மறைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல், சரியாக மெல்லாமல் வேகமாக விழுங்கினாள்.

"பவுலின்" என்றாள் கெத்சியாள். "ஜெபம் பண்ணலியா?"

பவுலின் நிமிர்ந்தாள். வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, கூச்சத்தோடு கையை இலையிலிருந்து எடுத்தாள், எடுத்த கை தானாக மறுபடி அங்கேயே போய் நின்றது. "பழகிட்டுக்கா" என்றாள் தாழ்ந்த குரலில். "எங்க ஊர்ல இப்பம் யாரும் சாப்பாட்டுக்கு முன்னால சொல்லுதது இல்ல. கடல்ல மீன் இல்லக்கா. வெளியில சொல்லாதிய."

"மத்தியானம் கதவைச் சாத்திக்கிடுதியளா?"

பவுலின் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"மணல்ல தடம் எப்படி விழுது? குதிகால் பதியுதா?"

பவுலினின் முகம் வெளுத்தது. கையிலிருந்த சோற்றை இலையில் விட்டாள். "இல்லக்கா" என்றாள். "இழுத்து இழுத்துத்தான் போவுது."

கெத்சியாள் தன் இலையின் நாலு ஓரத்தையும் தூக்கிச் சோற்றைப் பொட்டலமாக மடித்தாள். பந்தி நடுவில் எழுந்திருப்பது அந்தப் பக்கத்தில் செய்யக் கூடாத காரியம். அவள் எழுந்தாள். அருமைநாயகம் ஆண்கள் வரிசையிலிருந்து அவளைப் பார்த்தான், வாய்க்குக் கொண்டுபோன கையை இறக்கினான், அவனும் இலையை மடித்துக்கொண்டு எழுந்தான். எமீமா மென்றுகொண்டே அம்மாவின் முந்தானையைப் பிடித்தாள்.

மூன்று பேரும் வரிசைகளுக்கு இடையில் நடந்து, பந்தலைத் தாண்டி, பஸ் நிற்கும் தார் ரோட்டைப் பார்த்துப் போனார்கள். பேச்சு நின்றிருந்தது. பரிமாறுகிறவர்கள் வாளியோடு நின்றார்கள். மடித்த பொட்டலங்களையே பார்த்துக்கொண்டிருந்த ஊர், அவர்கள் முகப்பைக் கடந்ததும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அவரவர் இலையை இன்னும் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்துக்கொண்டது.